பதினேழாவது தையல்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
10.6.2024

ராயப்பராஜுக்கு,

அக்கா கிளாரா எழுதுவது. சிறுமலையில் உன் தோட்டத்துக்குப் போன் சிக்னல் வராது என்பது எனக்குத் தெரியும். வந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். உன் குரலைக் கேட்கத் தெம்பில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் காவல் நிலையத்திலிருந்து ஒரு தபால் வந்தது. கஸ்பாரின் மனைவி என்ற முறையில் எனக்கு. ஐந்து வருஷத்துக்கு முன் நீயும் அவரும் வங்காள விரிகுடாவைத் தாண்டி அந்தமானுக்குப் போகிறோம் என்று ஏறினீர்களே, அந்தப் பலூனின் துணி அவர்களுடைய கொட்டடியில் கிடக்கிறதாம். நீங்கள் விழுந்து எட்டு மாதம் கழித்து மீனவர் வலையில் மாட்டியிருக்கிறது. அதற்குள் விசாரணை முடிந்து அறிக்கையும் வந்துவிட்டதால் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டார்கள். இப்போது கொட்டடியை இடிக்கப் போகிறார்கள், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

பழைய தார்ப்பாய் வியாபாரம் செய்கிற ஆசாத் பாயின் வேனில் போய் எடுத்து வந்தேன். இங்கே இறக்கும்போது அவர், "இத வச்சிருந்து என்னம்மா செய்யப் போறீக? மனசுதான் கெடும். எங்கிட்ட விட்ருங்க, கண்காணாம பண்ணிர்றேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

தையல் கூடத்தின் மூலையில் கிடக்கிறது. உப்பும் பாசியும் சேர்ந்த நாற்றம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். இன்னும் பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் துணி எப்படிக் கிழிந்தது? அறிக்கையில் இருப்பது எனக்கு மனப்பாடம், அதை எழுத வேண்டாம். நீ கண்ணால் பார்த்ததை உன் கையால் எழுது.

அவர் அடக்கத்துக்குப் பிறகு நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. மலையிலிருந்து ஊருக்கு ஒரு பஸ் தூரம்தான். நானும் கூப்பிடவில்லை, ஒத்துக்கொள்கிறேன். நான் தைத்துக் கொடுத்த துணி பிரிந்து என் புருஷன் செத்தார் என்று ஆன பிறகு நான் யார் முகத்தைப் பார்ப்பது?

பதில் போடு.

கிளாரா


சிறுமலை
19.6.2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ராயப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்காரர் வாரத்தில் இரண்டு நாள்தான் மேலே வருகிறார், அதனால் தாமதம்.

இங்கே நல்ல காற்று. குலை தள்ளிய மலைவாழை நாற்பது மரம் போல சாய்ந்துவிட்டது. மிளகுக்கொடி பரவாயில்லை. உங்களுக்கு இரண்டு சீப்புப் பழம் பஸ்ஸில் கொடுத்துவிட நினைத்தேன். திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் காலை, அந்தமானுக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டர் இருக்கும்போது பெரிய மழைமேகம் எங்களை உள்ளே இழுத்தது. மேலே டர்ரென்று சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் உச்சிக்குப் பக்கத்தில் பதினேழாவது தையல் பிரிந்துகொண்டிருந்தது. பிறகு விழுந்தோம். மச்சானுக்கு உள்ளுக்குள் அடிபட்டிருந்தது. கப்பல்காரர்கள் எங்களைத் தூக்கும்போது அவர் உயிரோடு இல்லை. இதைத்தான் விசாரணையிலும் சொன்னேன்.

அதில் யார் குற்றமும் இல்லை அக்கா. மச்சான் வகுப்பில் சொல்லித்தருவாரே, அட்லாண்டிக்கைப் பலூனில் தாண்ட நூறு வருஷத்துக்கு மேல் ஒவ்வொருவராகப் போய் விழுந்தார்கள், 1978இல்தான் மூன்று பேர் அக்கரை சேர்ந்தார்கள் என்று. "விழுந்தவங்க லிஸ்ட்டுதான் பெருசு மாப்ள, சேந்தவங்க பேர ஒரு சீட்டுல எழுதிரலாம்" என்பார். அவரே அந்தப் பெரிய பட்டியலில் சேர்ந்துவிட்டார். கர்த்தர் சித்தம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதம் கடலிலும் நாலு வருஷம் கொட்டடியிலும் கிடந்த துணி இனி என்ன சொல்லப் போகிறது? ஆசாத் பாய் சொன்னதைக் கேளுங்கள். அதைக் கொடுத்துவிடுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
ராயப்பராஜ்


திண்டுக்கல்
1.7.2024

ராயப்பராஜுக்கு,

முதலில் இந்த "நீங்கள்", "தங்கள்" எல்லாவற்றையும் விடு. பிறந்ததிலிருந்து என்னை "நீ, வா, போ" என்று பேசியவன் நீ. மரியாதை திடீரென்று வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

துணியைப் பிரித்துவிட்டேன். கூடத்தில் இடம் போதாமல் பங்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கி, கூடத்துப் பெண்கள் எட்டுப் பேரும் நானுமாக விரித்தோம். இருபத்துநாலு பட்டைகள். ஒவ்வொரு தையலையும் யார் போட்டது என்று அன்றைக்கு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், நினைவிருக்கிறதா? அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி போட்டு ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்தேன். காலையில் ஆரம்பித்தது, முடிய மூன்று மணி ஆனது.

பதினேழாவது தையல் பிரியவில்லை, ராயப்பா.

ஒரு இழைகூடப் பிரியவில்லை. அடியிலிருந்து உச்சி வரைக்கும் அப்படியே இருக்கிறது. நம்பாமல் அந்த இடத்தை உத்தரத்தில் மாட்டி ஒரு மூட்டை அரிசியைத் தொங்கவிட்டோம். துணி முனகியது. தையல் அசையவில்லை.

திறந்து கிடப்பது வேறு இடம். உச்சியில் அவர் வைக்கச் சொன்ன கிழிப்புப் பட்டை. பலூன் தரையில் இறங்கியதும் காற்று இழுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க, ஒரே இழுப்பில் வாயு முழுவதையும் வெளியேற்றுவதற்கு வைத்தது. ஆகாயத்தில் இருக்கும்போது தொடவே கூடாதது. அந்த ஒரு தையலை மட்டும் பிரிவதற்கென்றே ஒற்றை நூலில் நான் போட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "லேசா கிளாரா, லேசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராகப் பிரிந்திருக்கிறது. கடலும் வலையும் இழுத்திருந்தால் கன்னாபின்னாவென்று கிழிந்திருக்கும். இருபத்தைந்து வருஷமாகத் துணியோடு கிடக்கிறேன், கிழிந்ததற்கும் பிரிந்ததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?

அந்தப் பட்டையைப் பிரிக்கிற கயிறு சிவப்பு. அது கூடைக்குள், உங்கள் தலைக்கு மேல் தொங்கியது.

நீ வரலாறு எழுதியிருக்கிறாய். அவர் சொன்ன இன்னொன்று எனக்கும் நினைவிருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் நியூயார்க்கில் ஒரு பத்திரிகையைச் சேர்ந்தவர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டப் பருத்தித் துணியில் பலூன் செய்தார்கள். தைத்தது முழுக்கப் பெண்கள். வாயு நிரப்பும்போதே துணி கிழிந்துவிட்டது. பிறகு சின்னதாக ஒன்றைச் செய்து ஏறினார்கள், அதுவும் சில மணி நேரத்தில் புயலில் விழுந்தது. "தச்சவங்க பேரு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். "தேடிப் பாத்தேன், கெடைக்கல. நம்ம பலூன்ல உங்க எல்லார் பேரையும் உள்பக்கமா எழுதிருவோம்" என்றார். எழுதினார். இன்னும் இருக்கிறது. பதினேழாவது தையலுக்குப் பக்கத்தில் "அம்பிகா, சின்னாளபட்டி" என்று இருக்கிறது.

அந்த அம்பிகாவுக்கு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். அறிக்கை வந்த வாரம் அவள் துக்கம் கேட்க வந்தாள். வீடு நிறைய ஆட்கள். "எம்புருசன கொன்னவ இவதான்" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவள் கையில் வைத்திருந்த பூமாலையைப் பிடுங்கி வீசினேன். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

சிவப்புக் கயிற்றை யார் இழுத்தது?

கிளாரா


சிறுமலை
9.7.2024

அக்கா,

இதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். நீ கேட்டுவிட்டாய்.

மச்சான்தான் இழுத்தார். மேகத்துக்குள் பலூன் தாறுமாறாக ஏறியது. வாயுவைக் கொஞ்சமாகத் திறந்துவிடுகிற வெள்ளைக் கயிற்றை இழுக்கப் போனவர் பதட்டத்தில் சிவப்பை இழுத்துவிட்டார். முந்தின நாள் முழுக்கத் தூங்காத மனுஷன். யாருக்கும் வரக்கூடிய தப்பு.

வெளியே சொன்னால் அவர் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தேன். பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், இத்தனை வருஷம் படித்து ஆராய்ந்து கடைசியில் கயிறு மாற்றி இழுத்துச் செத்தார் என்று ஊர் பேசும். அதனால்தான் தையல் என்று சொன்னேன். துணிக்கு மானம் ரோஷம் இல்லை என்று நினைத்தேன். உனக்கும் அம்பிகாவுக்கும் அது இப்படி முடியும் என்று தெரியாது.

இதோடு விட்டுவிடு அக்கா. அவர் நிம்மதியாகத் தூங்கட்டும்.

ராயப்பன்


திண்டுக்கல்
16.7.2024

ராயப்பா,

உன் கடிதம் வந்ததும் மூன்று நாள் நான் உன்னை நம்பினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் அவர் மேல் கோபமாக இருந்தேன். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைத் திருப்பி வைத்தேன். கல்லறைக்குப் போகிற வெள்ளிக்கிழமை போகவில்லை. "இப்படியா பண்ணுவீங்க, கண்ணு தெரியலையா உங்களுக்கு" என்று அடுப்படியில் நின்று தனியாகத் திட்டினேன். சோறு குழைந்து போனதுகூடத் தெரியவில்லை.

நாலாவது நாள் அறிக்கையை எடுத்துப் படித்தேன். மனப்பாடம் என்று உன்னிடம் பெருமையடித்தேன், இல்லை. தையல் என்ற சொல் வருகிற பக்கத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தைச் சரியாகப் படித்ததே இல்லை.

ஒன்பதாம் பக்கம் நீ கொடுத்த வாக்குமூலம். "அந்த நேரத்தில் கஸ்பார் கூடையின் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தார்." கீழே உன் கையெழுத்து.

தூங்குகிற மனுஷன் எப்படிக் கயிறு இழுப்பான்?

உயிரோடு இருப்பவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய் சொன்னான் என்றால் என்னால் புரிந்துகொள்ள முடியும். நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். ஆனால் மாட்டிக்கொண்டதும் இரண்டாவது பொய்யை அவர் தலையில் தூக்கி வைத்தாய் பார், அதற்கு என்னிடம் சொல்லே இல்லை.

இன்னும் ஒரு கடிதம்தான் உன்னிடமிருந்து எதிர்பார்க்கிறேன். எல்லாவற்றையும் எழுது. நான் தாங்குவேனா என்று யோசிக்காதே.

கிளாரா


சிறுமலை
4.8.2024

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான்தான் இழுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால் மச்சான் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் துணிமணி எடுத்துக்கொண்டிருந்தேன். "மாப்ளைக்கு நிதானம் பத்தாது கிளாரா. பொள்ளாச்சில டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டு பலூன் ஓட்டுறது வேற, கடல் வேற. நான் வேற ஆளப் பாக்குறேன்" என்றார். நீ, "எந்தம்பிய விட்டுட்டுப் போனீங்கன்னா ஒரு தையல் போட மாட்டேன்" என்றாய். அவர் சிரித்துவிட்டு சரி என்றார். நீ எனக்காகப் பேசியது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த "நிதானம் பத்தாது" என்ற வார்த்தை கூடவே கூடையில் ஏறி வந்தது.

முதல் நாள் எல்லாம் நன்றாகப் போனது. காற்று நேர் கிழக்கே கொண்டுபோனது. மறுநாள் விடிந்ததும் மச்சான், "ஒரு மணி நேரம் கண்ண மூடுறேன் மாப்ள. மேகம் கிட்ட வந்துச்சுன்னா எழுப்பு, நீயா எதுவும் செய்யாத" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். உடனே குறட்டை. மேகம் தூரத்தில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாக நின்றது. அழகாகக்கூட இருந்தது. அரை மணி நேரத்தில் பாதி ஆகாயத்தை அடைத்துவிட்டது.

எழுப்பவில்லை. நானே சமாளித்துவிட்டு, அவர் கண் விழிக்கும்போது "தாண்டியாச்சு மச்சான்" என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

உள்ளே போனதும் பலூன் மேலே பறந்தது. உயரம் காட்டுகிற முள் நிற்கவில்லை. காது அடைத்தது. வெள்ளைக் கயிற்றை இழுத்தேன், ஏறுவது நிற்கவில்லை. இன்னும் இழுத்தேன். கூடை ஊஞ்சல் மாதிரி ஆடியது. இன்னும் மேலே போனால் மூச்சு நின்றுவிடும், எப்படியாவது கீழே போக வேண்டும் என்பது தவிர மண்டையில் வேறு ஒன்றும் இல்லை. சிவப்புக் கயிற்றைத் தவறிப்போய்க்கூடத் தொடக் கூடாதென்று மச்சான் அதை நூல் போட்டுக் கட்டியிருந்தார். அந்த நூலை அறுத்துத்தான் இழுத்தேன். கை மாறவில்லை அக்கா. தெரிந்தே இழுத்தேன். கொஞ்சமாக இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது நிற்கிற தையல் இல்லையே.

அவர் சத்தத்தில் எழுந்து மேலே பார்த்தார். "என்னடா ஆச்சு?"

"தையல் பிரிஞ்சிருச்சு மச்சான்!"

அப்போதே சொல்லிவிட்டேன் அந்தப் பொய்யை. விசாரணைக்காக யோசித்துச் செய்தது இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது அதுதான்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மணல் மூட்டைகளை அறுத்துத் தள்ளினார். தண்ணீர், பேட்டரி, ரேடியோ எல்லாவற்றையும் வீசினார். வாயு போன துணி மேலே குடை மாதிரி விரிந்துகொண்டதால் கல் மாதிரி விழாமல் விழுந்தோம். தண்ணீரில் மோதும்போது கூடையின் விளிம்பு அவர் வயிற்றில் இடித்தது. ரப்பர்ப் படகை ஊதி அவரை ஏற்றி மடியில் கிடத்திக்கொண்டேன். வெளியில் ஒரு காயம் இல்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. அதன் பிறகு ஐந்து மணி நேரம் போல உயிரோடு இருந்தார். மழை விட்டு வெயில் அடித்தது.

அவர் பேசினதை நீ கேட்காமலேயே எழுதுகிறேன். கடைசியில் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"எந்த எடத்துல பிரிஞ்சுச்சு, பாத்தியா?"

"உச்சிக்குக் கிட்ட மச்சான்."

அப்புறம், "கிளாராட்ட சொல்லிராத மாப்ள. அவ தாங்க மாட்டா. காத்துல மாட்டிக்கிட்டோம்னு சொல்லு. அம்புட்டுத்தான், வேற எதுவும் சொல்லாத. பாவம், ராப்பகலா உக்காந்து தச்சா" என்றார். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சத்தியத்தைக்கூட நான் காப்பாற்றவில்லை. விசாரணையில் அந்த அதிகாரி பலூனின் படத்தை மேசையில் விரித்து, "எந்தத் தையல்?" என்று கேட்டார். ஏதோ ஒரு இடத்தில் விரலை வைத்தேன். அவர் குனிந்து பார்த்து, "பதினேழு" என்று எழுதிக்கொண்டார். அது அம்பிகா போட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விரலை நகர்த்தி வைத்திருப்பேன். எடுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.

ராயப்பன்


திண்டுக்கல்
2.9.2024

ராயப்பா,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சின்னாளபட்டிக்குப் போனேன். அம்பிகா இப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அன்றைக்கு நான் கத்தியது ஊரெல்லாம் பரவி, பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோயிருக்கிறது. கைராசி இல்லாதவள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவளும் வேண்டாம் என்றே இருந்துவிட்டாளாம். இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவளை வாசலில் பார்த்தேன். கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். பதினேழு வருகிற இடத்தை இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன்.

"விரல வச்சாராமா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அஞ்சு வருசமா நான் அந்தத் தையல மனசுக்குள்ள போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா. எங்க நூல் லூசா விட்டேன், எந்த எடத்துல மிசின் தாண்டுச்சுன்னு. பிழை கண்டுபிடிச்சும் வச்சிருந்தேன். இந்த எடந்தான்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். விலகிக்கொண்டாள். "வேணாம்க்கா. அன்னிக்கு அம்புட்டுப் பேர் முன்னாடி சொன்னீங்க. இன்னிக்கு ஆளில்லாத நேரமாப் பாத்து வந்திருக்கீங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள்.

வருகிற 9ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கோர்ட் பக்கத்தில் வக்கீல் முனியப்பன் ஆபீசில் இருப்பேன். நீ எனக்கு எழுதியதை அங்கே சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை நடத்திய அலுவலகத்துக்கு அனுப்பி அறிக்கையைத் திருத்தச் சொல்லப் போகிறோம். நீ வராவிட்டால் உன் கடிதத்தை அப்படியே அனுப்புவேன்.

கிளாரா


சிறுமலை
5.9.2024

அக்கா,

வருகிறேன். முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவேன்.

என் மேல் கேஸ் வருமா என்று தெரியவில்லை. வந்தால் வரட்டும். தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டுக்கு வரலாமா? தங்க அல்ல. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். மச்சான் கல்லறைக்கு உன்னோடு போக வேண்டும் என்று ஆசை. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. நமக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு நீ, உனக்கு நான் என்றுதானே இருந்தோம். நான் செய்தது சின்னப் பாவம் இல்லை, தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், மன்னிப்புத் தந்தார். வெளியே வந்தால் ஒன்றும் மாறவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ராயப்பன்


திண்டுக்கல்
14.9.2024

ராயப்பா,

நீ திங்கட்கிழமை வந்தாய், கையெழுத்துப் போட்டாய். ரொம்ப இளைத்திருக்கிறாய். வக்கீல் வாசித்துக்காட்டும்போது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். நான் நிமிரவில்லை. வெளியே படியில் "அக்கா" என்று கூப்பிட்டாய். நான் திரும்பாமல் உள்ளே போய்விட்டேன். நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்ததை ஜன்னலில் பார்த்தேன்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பதினொன்றரை மணிக்கு அம்பிகா வந்தாள். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. அவளிடம் நான் தேதியும் இடமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். உன் வாக்குமூலத்தை வாங்கிப் படித்தாள். "இதுல எம்பேரு எங்க சார்?" என்றாள்.

"பழைய ரிப்போர்ட்லயே உம்பேரு இல்லம்மா. தையல் நம்பர் மட்டுந்தான் இருக்கு. அதனால இதுலயும் போடல" என்றார் முனியப்பன்.

"ஊரு பேரச் சொல்லித்தான சார் பேசுச்சு. பேரப் போடுங்க."

அதனால் நான் தனியாக ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். பதினேழாவது தையலைப் போட்டவர் சின்னாளபட்டி அம்பிகா. அந்தத் தையல் பிரியவில்லை. துணியை விரித்துச் சோதித்த எட்டுப் பெண்களும் சாட்சி. அவர்தான் காரணம் என்று அத்தனை பேர் முன்னால் பொய்யாகப் பழி சொன்னது கிளாராவாகிய நான். இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகல் ஒன்றை அவள் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். முனியப்பன் டீ வாங்கி வைத்திருந்தார். குடிக்காமல் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் நான் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கப் போகிறேன். அவள் வருகிறாளோ இல்லையோ.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

அந்த ஐந்து மணி நேரத்தை நான் தினமும் எண்ணிப் பார்க்கிறேன். கயிற்றை இழுத்தாயே, அதை ஒரு நாள் மன்னிப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. பயந்துபோய்ச் செய்தாய். உன்னை வம்பாக அனுப்பியவளும் நான். ஆனால் விழுந்த பிறகு பயம் இல்லையே. வெயில் அடித்தது என்கிறாய். கடல் அடங்கியிருந்திருக்கும். அவர் உன் மடியில் படுத்திருந்தார். ஒரு தடவை, ஒரே தடவை, "தையல் இல்ல மச்சான், நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். அவர் உன்னைத் தள்ளியா விட்டிருப்பார்? தள்ளத் தெம்பு இருந்திருக்குமா?

நீ சொல்லவில்லை. அதனால் அவர் என் கைவேலை கைவிட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டே செத்தார். அப்படி நம்பிக்கொண்டு என்னை மன்னித்தார். என் மேல் இரக்கப்பட்டார். நான் செய்யாத தப்புக்கு அவர் கொடுத்த மன்னிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அறிக்கையை அவர்கள் திருத்திவிடுவார்கள். முனியப்பன் ஆறு மாதம் ஆகும் என்கிறார். அவர் மனசில் இருந்ததைத் திருத்த நான் எந்த ஆபீசுக்குப் போவது?

கல்லறைக்கு நீ தனியாகப் போ. பயமாக இருந்தாலும் போ. அவரிடம் நீயே சொல். என்னைக் கூட வைத்துக்கொண்டு சொல்லாதே.

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. பொய்க்குச் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. நம் வீட்டில் அந்தப் பழக்கம் போதும்.

இனி எனக்கு எழுதாதே, ராயப்பா. எழுதினால் படித்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன்.

கிளாரா